திருட்டுப் பிரதிக்கு ஒரு வக்காலத்து

காட்டுப்பள்ளி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைகளில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் எலக்ட்ரானிக்ஸ் பழகும் இளைஞர்களுக்கு, எந்த சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருள் ஏற்றது என்று ஒரு கட்டுரையில் வகுப்பெடுத்திருக்கிறார் ஒரு பயிற்சி ஆசிரியர். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் விளையாட்டுச் சாமான், தரம் வேண்டுமானால் ப்ரோட்டியஸ் மாதிரி விலை கொடுத்து வாங்குவதுதான் என்று தொடங்குகிறார். நாலு பத்தி தாண்டியதும், வாங்க வசதியில்லாதவர்களுக்கு 'கிராக்' பிரதி எங்கும் கிடைக்கிறதே என்று கண்ணடிக்கிறார். காசு கொடுத்தால்தான் தரம் என்பது கொள்கையா, காசு கொடுக்காமல் எடுத்துக்கொள் என்பது கொள்கையா? ஒரே கட்டுரைக்குள் தன்னையே மறுத்துக்கொள்கிறவரை நாம் வேறு மறுக்க வேண்டுமா என்று விட்டிருப்பேன். ஆனால் படிக்கிறவர்கள் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள்.

முதலில் அந்த 'விளையாட்டுச் சாமான்' பட்டம். சர்க்யூட் சிமுலேஷனின் மூலவேர் ஸ்பைஸ். பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லாரன்ஸ் நேகல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதி 1973இல் வெளியிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் பல்கலைக்கழகம் அதைக் கொடுத்தது. அதை அடியொற்றிய வணிக மென்பொருள்கள் பின்னால் வந்தவை. இலவசமான என்ஜிஸ்பைஸ் நிற்பது பெர்க்லியின் ஸ்பைஸ்3எஃப்5 மீது. இவர் கொண்டாடும் ப்ரோட்டியஸின் அனலாக் பகுதி நிற்பதும் அதே ஸ்பைஸ்3எஃப்5 மீதுதான். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரண்டில் ஒன்றைத் தரம் என்றும் மற்றதைப் பொம்மை என்றும் சொல்கிறவர், இரண்டையும் திறந்து பார்த்திருக்கிறாரா?

இன்னொரு இலவச மென்பொருளான எல்டிஸ்பைஸ் ஒரு சிப் கம்பெனி விரித்த வலை என்பது அடுத்த குற்றச்சாட்டு. லீனியர் டெக்னாலஜி தன் பவர் சப்ளை ஐசிக்களை விற்கத்தான் அதை இலவசமாகக் கொடுத்தது. 2017இல் அந்தக் கம்பெனியை வாங்கிய அனலாக் டிவைசஸும் அப்படியே தொடர்கிறது. இதில் ரகசியம் எங்கே இருக்கிறது? பிற கம்பெனிகள் வெளியிடும் மாடல்களையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் ஏன் மறைத்தார்? அதன் மூலநிரல் திறந்ததல்ல, கம்பெனி நாளை மனம் மாறலாம் என்று அவர் வாதாடியிருந்தால் நானும் கூட நின்றிருப்பேன். போர்டு வரையும் மென்பொருளான ஈகிளை 2016இல் வாங்கிய ஆட்டோடெஸ்க், 2026 ஜூன் 7உடன் அதற்கு முடிவு என்று அறிவித்தது நினைவிருக்கும். அந்த வாதத்தை நேர்மையாக நீட்டினால் அது போய் நிற்கும் இடம் மூலநிரல் திறந்த என்ஜிஸ்பைஸும் போர்டு வரையும் கீகேடும், ப்ரோட்டியஸ் அல்ல.

'சிமுலேஷன் பொய் சொல்லும், பிரெட்போர்டுதான் உண்மை' என்பது அவருடைய பிரம்மாஸ்திரம். மீஞ்சூரில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கிவரும் பையன் முதலில் கட்டுகிற பவர் சப்ளையையே எடுத்துக்கொள்வோம்: 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ஒரு 7812 ரெகுலேட்டர். உச்சம் 17 வோல்ட், டயோடுகளில் 1.4 போனால் மிச்சம் 15.6. அரை ஆம்பியர் இழுத்தால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஏறக்குறைய 4 வோல்ட் சரிந்து, 12க்கும் கீழே போகிறது. 7812க்கோ உள்ளே 14 வோல்ட்டாவது வர வேண்டும். அதில் ஓடும் ஆம்பிளிஃபயர் உறுமுகிறது. மல்டிமீட்டரை வைத்தால் சராசரியாகப் பதிமூன்று சொச்சம் காட்டும், பள்ளத்தைக் காட்டாது. ஆசிலோஸ்கோப் இல்லாத வீட்டில் அந்தப் பள்ளத்தைக் கண்ணில் காட்டுவது சிமுலேஷன் ஒன்றுதான். கெபாசிட்டரை 4700 என்று மாற்றி ஓட்டினால் சரிவு ஒரு வோல்ட்டுக்குச் சுருங்குவதும் தெரியும். பிரெட்போர்டின் தளர்ந்த தொடர்பையும் 7812 கொதிப்பதையும் சிமுலேஷன் தானாகச் சொல்லாது என்பது உண்மை. அதற்காகக் கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டச் சொல்வதா?

மைக்ரோகன்ட்ரோலரையும் சேர்த்து ஓட்டிக்காட்டுவதில் ப்ரோட்டியஸ் பலமானது, மறுக்கவில்லை. அந்தத் தேவைக்கு வோக்வியும் சிமுல்ஐடிஇயும் இருப்பதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே?

கிராக் விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. வியாபார நோக்கம் இல்லாவிட்டால் நீதிமன்றம் அபராதத்தோடு விடலாம். சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு. கிராக்கை நிறுவ ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அதே லேப்டாப்பில் செருகிய பென்டிரைவ், மறுநாள் காலை ஷிஃப்டில் ஆலையின் கன்ட்ரோல் கம்ப்யூட்டரில் ஏறும். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் நச்சுநிரல் பரவிய வழிகளில் பென்டிரைவும் ஒன்று. துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் நெருங்கிக் கிடக்கும் காட்டுப்பள்ளியில் நின்றுகொண்டு இதைப் பரிந்துரைக்க எப்படி மனம் வந்தது?

வந்ததற்குக் காரணம் கட்டுரையின் கடைசி வரியில் இருக்கிறது: அவர் நடத்தும் ப்ரோட்டியஸ் பயிற்சிக்கு அழைப்பு. கீகேடையும் என்ஜிஸ்பைஸையும் இணைத்து, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் நிதியில், பம்பாய் ஐஐடியின் ஃபாஸி திட்டம் உருவாக்கிய இசிம் என்ற மென்பொருளின் பெயர்கூட அவர் கட்டுரையில் இல்லை. மக்கள் வரிப்பணத்தில் செய்து சும்மா கொடுப்பதை மாணவர்கள் அறிந்துகொண்டால் வகுப்புக்கு யார் வருவார்கள்?

தம்பிகளே, தங்கைகளே, அனலாக், பவர் சப்ளை வேலைக்கு எல்டிஸ்பைஸை இறக்கிக்கொள்ளுங்கள். போர்டு வரைகிற அளவுக்கு வந்ததும் கீகேடுக்கோ இசிமுக்கோ மாறுங்கள். கிராக் பிரதி இருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.