யந்திரம் நின்ற பிறகு

ஆகாயத்தில் பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் யந்திரம் திடீரென்று நின்றுவிட்டால் என்ன ஆகும்? "என்ன ஆகும்? கல்லைப்போல் பொத்தென்று விழும்!" என்றுதான் உங்களில் பலர் சொல்வீர்கள்.

அதுதான் இல்லை. விமானத்தைத் தாங்குவது யந்திரம் அல்ல, இறக்கைகள். இறக்கைகளின்மேல் காற்று வேகமாக ஓடும் வரையில் விமானம் விழாது, சறுக்கிக்கொண்டு இறங்கும். சாதாரணமான சிறு விமானம் ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னே போய்விடும். ஆயிரம் அடி உயரத்தில் யந்திரம் நின்றால், இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரமும், ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகமான அவகாசமும் கிடைக்கும்.

அந்த ஒரு நிமிஷத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

ஹாலிவுட் நடிகர் ஹாரிஸன் ஃபோர்டுக்கு அந்த நிமிஷம் 2015 மார்ச் 5-ம் தேதி வந்தது. அப்போது அவருக்கு வயது 72. கலிபோர்னியாவில் சான்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பினார். விமானமும் ஒரு கிழவர்தான்! இரண்டாம் உலக யுத்தத்தில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக 1942-ல் செய்யப்பட்ட 'ரையான்' விமானம் அது.

கிளம்பிய சற்று நேரத்துக்கெல்லாம் யந்திரம் சக்தி இழந்தது. நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு ஃபோர்டு இடப்பக்கம் திரும்பினார். யந்திரத்தை மறுபடி கிளப்பிப் பார்ப்பதில் நேரத்தைப் போக்கவில்லை. ஆனால் ஓடுபாதைக்குப் போய்ச் சேரமுடியாது என்பது உடனே தெரிந்துவிட்டது.

இங்கேதான் மனிதனுக்கு ஒரு சபலம் வரும். 'விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் தூக்கினால் இன்னும் சிறிது தூரம் போகலாமே!' என்று கை தானாக இழுக்கும். இழுத்தால் வேகம் குறையும்; இறக்கை பிடிப்பை இழக்கும்; பிறகு நீங்கள் சொன்னபடி கல்லைப்போல் விழவேண்டியதுதான். பூமி நெருங்கி வரும்போது மூக்கைத் தாழ்த்தியே வைத்திருப்பதற்கு ரொம்ப மனோதிடம் வேண்டும். ஃபோர்டு வேகத்தை விடாமல், சுற்றிலும் வீடுகளாக இருந்த இடத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். சினிமாவாயிருந்தால் 'டூப்' போட்டிருக்கலாம். இங்கே அதற்கு வழியில்லை.

ஓர் உயரமான மரத்தின் உச்சியில் உரசி, விமானம் புல்தரையில் மோதியது. அங்கே இருந்த டாக்டர் ஒருவர் ஓடிவந்து உதவினார். ஃபோர்டுக்கு இடுப்பெலும்பும் கணுக்காலும் முறிந்தன. தரையில் இருந்தவர் ஒருவருக்கும் காயமில்லை.

பெரிய கோளாறாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைப்பீர்கள். விசாரணையில் அகப்பட்டதோ ஒரு சின்னஞ்சிறு பண்டம்! யந்திரத்துக்குள் காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்புவது கார்புரேட்டர். அதில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள திருகு ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கைக் கேட்டால் 'ஜெட்' என்பார். அது கழன்று இடம் மாறியிருந்தது. அளவு தவறி ஏராளமான பெட்ரோல் உள்ளே போயிற்று. பசியால் அல்ல, அஜீர்ணத்தால் யந்திரம் படுத்துவிட்டது!

விமானத்தைப் புதுப்பித்தபோது அந்தக் கார்புரேட்டரைப் பிரித்துச் சரிசெய்து சுமார் பதினேழு வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தத் திருகை அவ்வப்போது பார்க்கவேண்டும் என்று சொல்லும் குறிப்பு எதிலும் இல்லை. இன்னொன்றும் தெரியவந்தது: தோள் பட்டையை இருக்கையில் பொருத்திய இடத்தில் போதிய வலு இல்லை. மோதியபோது அது பிய்த்துக்கொண்டு வந்ததும் காயங்களை அதிகமாக்கியிருக்கிறது.

ஃபோர்டு குணமடைந்து மறுபடியும் விமானம் ஓட்டினார். அவருடைய துணிச்சலைப் பாராட்டுவோம். ஆனால் வாசகர்களே, நாம் தினமும் நம்பி ஏறுகிற ஸ்கூட்டரிலும், வீட்டிலே பற்றவைக்கிற அடுப்பிலும் யாரும் திரும்பிப் பாராத திருகு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நன்றாக ஓடுகிறது என்பதற்காக அதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். நமக்கு அந்த ஒரு நிமிஷ அவகாசம்கூடக் கிடைக்காது!