தட்டின் மதிப்பெண்ணும் தட்டு நிறைந்த காரணமும்

மக்கள் உண்ணும் உணவு உடலுக்கும் புவிக்கும் எவ்வளவு நல்லது என்பதை ஒரே எண்ணில் சொல்லும் முயற்சி ஆய்வுலகில் பரவி வருகிறது. 2019இல் ஈட்–லான்செட் ஆணையம் நாளொன்றுக்கு 2500 கிலோ கலோரி கொண்ட மாதிரி உணவொன்றை முன்வைத்தது. அதில் முழுத்தானியம் 232 கிராம், காய்கறி 300, பழம் 200, பால் 250, முட்டை 13 கிராம். இதனை அடியொற்றி 2021இல் வெளியான 'விஷ்' குறியீடு, 13 உணவு வகைகளுக்குத் தலா 10 என மொத்தம் 130 மதிப்பெண் வழங்குகிறது. இத்தகைய அளவுகோல்கள் தேவையே. ஆயினும் அவை தட்டில் உள்ளதைக் காண்கின்றனவேயன்றி, அது ஏன் அவ்வாறு உள்ளது என்பதைக் காண்பதில்லை. சித்தூர், திருப்பதி வட்டாரங்களின் உணவை அளக்கப் புகுவோர் இக்குறையை எளிதில் உணரலாம்.

முதலில் தானியம். பலமநேர், குப்பம் பகுதிகளில் மானாவாரிக் கேழ்வரகே நெடுங்காலம் அன்றாட உணவு. களியும் கீரையும் வேர்க்கடலைத் துவையலும் அதன் வடிவம். 1983இல் என்.டி. ராமராவ் அரசு தொடங்கிய கிலோ 2 ரூபாய் அரிசித் திட்டம் பசியைத் தணித்தது. கூடவே தீட்டிய அரிசியை மலிவான உணவாக்கியது. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு பரிந்துரைக்கும் பெண்களுக்கான குறைந்தபட்ச உணவுப் பன்மைக் குறியீடு, பத்து உணவுத் தொகுதிகளில் ஐந்தேனும் உண்ணப்பட்டதா என்று பார்க்கிறது. அதில் கேழ்வரகும் அரிசியும் ஒரே தொகுதி. களியிலிருந்து சோற்றுக்கு மாறிய குடும்பத்தின் எண்ணிக்கை எனவே மாறாது. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 10 மட்டுமே. 'விஷ்' முழுத்தானியத்தைத் தனியே மதிப்பதால் இவ்வேறுபாட்டை ஓரளவு காட்டும். எனினும் அந்நெல் ஏரி நீரில் விளைந்ததா, ஆழ்துளைக் கிணற்று நீரில் விளைந்ததா என்று அதுவும் கேட்பதில்லை. வறண்ட ராயலசீமையில் சுற்றுச்சூழல் கேள்வியின் மையமே அதுதான்.

அடுத்தது நாட்காட்டி. முந்தைய ஒரு நாளின் உணவைக் கேட்டறியும் ஆய்வு, மாம்பழக் காலமான ஜூனில் நடந்தால் வைட்டமின் ஏ மிகுந்த பழம் பதிவாகும். ஜனவரியில் நடந்தால் விடுபடும். சித்தூர், நகரி, புத்தூர்ப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்கள் பல புரட்டாசியில் புலால் தவிர்க்கின்றன. தெலுங்குக் குடும்பங்கள் பல கார்த்திகை மாதத்தில் தவிர்க்கின்றன. ஒரே தெருவில் ஒரே வாரத்தில் எடுத்த தரவும் இரு வேறு பருவங்களின் தரவாக இருக்கக்கூடும்.

எல்லாவற்றினும் முதன்மையானது வருவாய். சிவப்பிறைச்சியும் சர்க்கரையும் இல்லாத தட்டுக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது. விரும்பித் தவிர்த்தவருக்கும் வாங்க வழியின்றி விட்டவருக்கும் அம்மதிப்பெண் ஒன்றே. ஈட்–லான்செட் மாதிரி உணவை வாங்க இயலாதோர் உலகில் குறைந்தது 158 கோடிப் பேர் என 2020இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இல்லாமையைப் புலனடக்கமாகக் கணக்கிடும் அளவுகோல் கொள்கைக்குள் நுழைந்தால் என்னாகும்? ஆந்திர அரசுப் பள்ளிகளின் மதிய உணவில் வாரம் ஐந்து முட்டை வழங்கப்படுகிறது. முட்டை 50 கிராம் எனக் கொண்டால் நாளொன்றுக்குச் சராசரி 35 கிராமுக்கு மேல். மாதிரி உணவின் மேல்வரம்போ 25 கிராம். ஏழைக் குழந்தைக்குக் கிடைக்கும் உறுதியான புரதம் ஏட்டில் 'மிகை' ஆகிவிடுகிறது.

இதற்குத் தீர்வு குறியீடுகளைக் கைவிடுவதன்று. தானியத்தின் பெயரையும் பாசன மூலத்தையும் வினாப்பட்டியலில் சேர்க்க வேண்டும். விரத மாதங்களைக் குறித்துக்கொண்டு, குறைந்தது இரு பருவங்களில் தரவு திரட்ட வேண்டும். போதிய அளவு உண்டதற்கான மதிப்பெண்ணையும் குறைத்து உண்டதற்கான மதிப்பெண்ணையும் வருவாய்ப் பிரிவுவாரியாகத் தனித்தனியே வெளியிட வேண்டும். 528 உணவுப் பொருள்களின் சத்துகளைத் தரும் 2017ஆம் ஆண்டு இந்திய உணவுச் சத்து அட்டவணை, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வெளியீடாகக் கைவசம் உள்ளது. திருப்பதியிலேயே இரு பெரும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. தமிழும் தெலுங்கும் அறிந்த மாணவர்களும் உள்ளனர். அயலில் வடிவமைத்த அளவுகோலை அப்படியே பொருத்துவதினும், அதை இம்மண்ணில் சோதித்துத் திருத்துவதே அவர்கள் ஆற்றத்தக்க ஆய்வுப்பணி.