கேஸிங் போட்டா போதுமா?

"கேஸிங் போட்டிருக்கு, ஒண்ணும் ஆகாது." ரோட்டுக்குக் கீழயோ ரயில் பாதைக்குக் கீழயோ காஸ் குழாய், பெட்ரோல் குழாய் போகுதேன்னு யாராவது கேட்டா இதுதான் பதில். கேட்டவரும் தலையாட்டிட்டுப் போயிடுவார். இந்தப் பதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பத்தித்தான் இன்னிக்கு எழுதறேன். பட்டணத்துல இருந்து படிக்கிறவங்களும் கொஞ்சம் பொறுமையா படிக்கணும். அந்தக் குழாய்ல போறது உங்க அடுப்புக்கும் உங்க வண்டிக்கும்தானே.

கேஸிங்னா வேற ஒண்ணுமில்ல. காஸ் போற இரும்புக் குழாயை அதைவிடப் பெரிய இன்னொரு இரும்புக் குழாய்க்குள்ள நுழைச்சு விடறாங்க. ரெண்டு முனையிலும் சீல் வெச்சு அடைக்கிறாங்க. மேல ஓடற லாரி, ரயில் பாரத்தை வெளிக்குழாய் தாங்கிக்கும். உள்குழாயில ஏதாவது கசிஞ்சா வென்ட் வழியா வெளிய தெரியும். ரோட்டோரம் வளைஞ்ச தலையோட ஒரு குழாய் நிக்குமே, அதுதான் வென்ட். ஆக கேஸிங் பாரத்துக்குப் போட்டது. துருவுக்குப் போட்டது இல்ல.

துருவுக்கு வேற ரெண்டு காவல் உண்டு. ஒண்ணு, குழாய் மேல இருக்கிற பூச்சு. இன்னொண்ணு, மண்ணு வழியா குழாய்க்கு அனுப்பற சின்ன மின்சாரம். கத்தோடிக் பாதுகாப்புன்னு சொல்றாங்க. பூச்சு உரிஞ்ச இடத்துல துருப்பிடிக்காம இந்த மின்சாரம் பார்த்துக்கும். ஆனா அது பாய மண்ணோ தண்ணியோ வேணும். ரெண்டு குழாய்க்கும் நடுவுல இருக்கிறது வெறும் காத்து. அங்க அது போய்ச் சேராது. உள்குழாய் தொய்ஞ்சு வெளிக்குழாயைத் தொட்டுட்டா இன்னும் மோசம், உள்ளுக்குப் போக வேண்டிய மின்சாரத்தை வெளிக்குழாய் இழுத்துக்கும். இதுக்கு நடுவுல சீல் விரிஞ்சு ஈரம் புகும். பகல் சூட்டுக்கும் ராத்திரி குளிருக்கும் உள்ள வேர்க்கும். காத்து, ஈரம், இரும்பு மூணும் ஒரே இடத்துல. துருவுக்கு வேற என்ன வேணும்?

இப்ப எங்க மண்ணுக்கு வர்றேன். ராணிப்பேட்டையில இருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் பாலாத்தங்கரையில தோல் ஊறவெச்ச உப்புத் தண்ணி பல வருஷமா நிலத்துல இறங்கியிருக்கு. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ பாழாப்போச்சுன்னு 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புலயே இருக்கு. உப்பு மண்ணு இரும்பைச் சீக்கிரம் தின்னும். இங்க கிணத்து மோட்டாரைத் தூக்கிப் பார்த்த எவனுக்கும் இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்ல. கையால தொட்டா உதிரும் ஜி.ஐ. பைப்பு. வெளிக்குழாய்ல ஓட்டை விழுந்துட்டா அதே உப்புத் தண்ணி நேரா உள்குழாய் மேல போய் நிக்கும். மேல தார் ரோடு. யார் தோண்டிப் பார்க்கப் போறா?

இதுக்கு வழி இல்லாம இல்ல. துணிப் பெட்டியில அந்துருண்டை போடறோமே, அது மாதிரி ஒரு மருந்து இருக்கு. ஆவியா பரவி இரும்பு மேல கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமா படியும். ஈரம் இருந்தாலும் துருவைத் தடுக்கும். ஆவி வகைத் துருத்தடுப்பான்னு சொல்லலாம். புது பேரிங்கை ஒரு மாதிரி தாள்ல சுத்தித் தருவாங்களே, அந்தத் தாள்லயும் இந்த மருந்துதான். கேஸிங்ல இதைப் பொடியா ஊதியோ கூழா நிரப்பியோ விடலாம். ரோட்டை வெட்ட வேண்டாம், வென்ட் வழியாவே விடலாம். உள்ள ஒரு அளவி வெச்சா உலோகம் தேயற வேகத்தை மேல இருந்தே பார்க்கலாம்.

இது சர்வரோக நிவாரணி இல்ல. பெட்டி மூடி திறந்து கிடந்தா அந்துருண்டை காத்தோட போற மாதிரி, சீலும் வென்ட்டும் சரியில்லன்னா மருந்து நிக்காது. ஏற்கனவே தேய்ஞ்ச இரும்பை இது தடிக்கவும் வைக்காது. அதனால முதல்ல சோதனை, அப்புறம் சீல், அப்புறம்தான் மருந்து. வருஷா வருஷம் அளவு பார்க்கணும்.

"இதெல்லாம் அதிகப்படி செலவு"ன்னு சொல்றவங்க ஆந்திராவுல நகரம்னு ஒரு கிராமத்தை நினைச்சுப் பார்க்கணும். அப்ப அது கிழக்கு கோதாவரி மாவட்டம். 2014 ஜூன் 27 விடியக்காலை கெயில் குழாய் வெடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க. அங்க அரிச்சது கேஸிங் இடைவெளி இல்ல. காஸோட வந்த ஈரம் குழாயை உள்ளேயிருந்து அரிச்சுது. ஆனா பாடம் ஒண்ணுதான். துரு சத்தம் போடாது. கவனிக்காம விட்டா பணம் கொடுக்கிறது கம்பெனி, உசுர் கொடுக்கிறது பக்கத்து வீட்டுக்காரன்.

1962-ஆம் வருஷத்துச் சட்டப்படி குழாய் போற பட்டையில நான் மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. உபயோக உரிமைக்குக் கொடுக்கிறது நில மதிப்புல 10 சதவீதம். 2013-ல கொங்கு விவசாயிங்க கெயில் குழாயை எதிர்த்தப்ப, வளர்ச்சிக்கு எதிரிங்கன்னு பேசினவங்க உண்டு. நிலத்தையும் கொடுத்துட்டு, காவலும் கட்டுப்பாடும் ஏத்துக்கிட்டு, கீழ இருக்கிற இரும்பு எந்த நிலைமையில இருக்குன்னு கேட்டா அதுவும் எதிர்ப்பா?

நான் கேக்கறது மூணே விஷயம். எந்தெந்த இடத்துல கேஸிங் இருக்குன்னு பட்டியல் பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டணும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல இருக்கிறது வெறும் காத்தா, மெழுகா, துருத்தடுப்பானான்னு எழுதணும். கடைசியா எப்ப சோதிச்சாங்க, அளவு என்ன வந்துச்சுன்னு கிராம சபையில தமிழ்ல படிக்கணும்.

கெடுதல் வரும்னு தெரிஞ்சா, முழு நிரூபணத்துக்குக் காத்திருக்காம முன்னாடியே தடுக்கணும். இந்த முன்னெச்சரிக்கைக் கொள்கையும் நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு அந்த 1996 தீர்ப்புதான் சொல்லிச்சு. எங்க நிலம் பாழானதால நாட்டுக்கே கிடைச்ச பாடம் அது. அதை எங்க நிலத்துக்கு அடியில போற குழாய்க்கும் முதல்ல செய்யுங்க.