எத்தனை கார்கள் வேண்டும்?

மோட்டார் ஓட்டப் பந்தயத்தை மெய்போலக் காட்டும் கணினி விளையாட்டொன்றில் எத்தனை கார்கள் இருத்தல் வேண்டும்? எம் மாணவர் சிலரிடையே அண்மையில் மூண்ட வாதம் இது. ஆயிரம் வேண்டும் என்றான் ஒருவன். ஐந்நூறு போதும் என்றான் மற்றவன். அதற்குக் குறைந்த தொகையைச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. விளையாட்டுத்தானே என்று பெற்றோர் இதனைப் புறக்கணித்தல் தகாது. அதற்குப் பணம் கொடுப்பவர்கள் அவர்களே அன்றோ!

தொகையின் பெருமை பேசுவோர் பெரும்பாலும் சுட்டுவது யப்பானியரின் 'கிரான் டூரிஸ்மோ' வரிசையை. 1997இல் வெளிவந்த முதல் விளையாட்டில் இருந்தவை 200க்கும் குறைந்த கார்கள். 2010இல் வந்த ஐந்தாம் விளையாட்டில் அத்தொகை ஆயிரத்தைக் கடந்தது. ஆனால் அந்த ஆயிரத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஏமாற்றமடைந்தனர். உள்ளமைப்பு முதலிய யாவும் நுணுக்கமாகப் புதிதாய் ஆக்கப்பட்டவை ஏறக்குறைய 200 மாத்திரமே. எஞ்சிய எண்ணூறும் முந்திய விளையாட்டுக்களிலிருந்து கொண்டுவரப்பட்ட பழைய உருவங்கள். நிசான் ஸ்கைலைன் என்னும் ஒரே கார், ஆண்டு வேற்றுமையாலும் தர வேற்றுமையாலும் பற்பல கார்களாக எண்ணப்பட்டிருந்தது. ஒரு மாணவனின் பெயரையே இடாப்பிற் பலமுறை எழுதிவிட்டு, வகுப்பு நிறைந்துவிட்டது என்பதை இஃது ஒக்கும்.

அவர்களை முற்றாகக் குறை கூறவும் இயலாது. முதல் விளையாட்டில் ஒரு காரை உருவாக்க ஒருவருக்கு ஒரு நாள் போதியதாயிருந்தது என்றும், பிற்காலத்தில் அதற்கு ஆறு மாதம் செல்கிறது என்றும் அதன் கர்த்தாவாகிய கசுனோரி யமௌச்சி கூறியுள்ளார். ஆயிரம் கார்களை ஆறு மாதத்தாற் பெருக்கினால் 500 ஆண்டுகள். ஐம்பது பேர் கூடி உழைத்தாலும் பத்து ஆண்டுகள்! 2017இல் வந்த 'கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்' 170க்கும் குறைந்த கார்களோடு தொடங்கியமை வியப்பன்று.

இனி மறு கோடிக்குச் செல்வோம். 1998இல் அமெரிக்காவின் பப்பைரஸ் நிறுவனத்தார் 'கிராண்ட் பிரீ லெஜெண்ட்ஸ்' என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். 1967ஆம் ஆண்டின் உலகப் பெரும் பந்தயங்களே அதன் பொருள். அதில் இருந்தவை ஏழே கார்கள். அவற்றுள்ளும் ஹொண்டா, கூப்பர் ஆகிய இரண்டும் உரிமம் கிடையாமையால் வேற்றுப் பெயர் பூண்டு வந்தன. அக்காலக் கார்களுக்கு நிலத்தோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகள் இல்லை. வளைவுகளில் அவை வழுக்கியே திரும்பும். லோட்டஸ் வலியது, மிதியைச் சற்று மிகையாக அழுத்தினால் பின்பக்கம் சுழன்றுவிடும். பீ.ஆர்.எம். கார் தன் பதினாறு சிலிண்டர் எந்திரத்தின் பாரத்தைச் சுமந்துகொண்டு ஓடும். பிரபம் வலிமை குறைந்தது. ஆனால் பாரமும் குறைந்தது, அடக்கமாக ஓடுவது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் இன்ன கார் என்று சொல்லிவிடலாம் என்று நாம் கூறுவது சற்று மிகைதான், ஆயினும் பெருமிகையன்று.

மெய்யான 1967இல் நிகழ்ந்ததையும் இங்குச் சொல்லவேண்டும். லோட்டசில் ஓடிய ஜிம் கிளார்க் நான்கு பந்தயங்களில் வென்றார். பிரபத்தில் ஓடிய டெனி ஹல்ம் வென்றவை இரண்டே. எனினும் உலக வாகை ஹல்முக்கே கிட்டியது. விரைவு மிக்க லோட்டஸ் அடிக்கடி பழுதுற்றது. பிரபம் ஓட்டத்தை முடித்துப் புள்ளிகளைச் சேர்த்தது.

கொட்டகையில் எத்தனை என்பது வேறு, பாதையில் எத்தனை என்பது வேறு. ஆயிரம் கார்களைக் கொண்ட அந்த ஐந்தாம் விளையாட்டில் ஒரே வேளையில் ஓடக்கூடியவை 16 மாத்திரமே. நான்கு கார்கள் ஒட்டிச் செல்லும்போது பின்னால் வருபவன் எங்கே முந்துவான் என்று அறியாது உள்ளம் பதறுவதன்றோ பந்தயம்?

சேர்க்கும் ஆசையைப் பணமாக்கும் வழியும் உண்டு. 2022இல் ஏழாம் விளையாட்டு வந்தபோது, மிக விலையுயர்ந்த சில கார்களுக்கு விளையாட்டுப் பணம் இரண்டு கோடி வரை வேண்டியிருந்தது. அதனை மெய்ப்பணங் கொடுத்து வாங்கினால் ஒரு காருக்கு ஏறக்குறைய 200 டொலர்! எதிர்ப்பு எழவே, யமௌச்சி மன்னிப்புக் கோரிச் சில மாற்றங்கள் செய்தார்.

ஆகவே எமது கணக்கு இது. ஐந்தாறு வகுப்புக்கள், வகுப்பிற்கு ஒன்றையொன்று நிகர்க்கும் ஏழெட்டுக் கார்கள், மொத்தம் நாற்பது அல்லது ஐம்பது. அவற்றோடு அன்றாடக் கார்கள் சிலவும் வேண்டும். இவ்விஷயத்தில் ஏழாம் விளையாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். அதில் முதலிற் கிடைப்பது பந்தயக் கார் அன்று. ரொயோட்டா அக்வா, ஹொண்டா ஃபிட், மஸ்டா டெமியோ என்னும் மூன்றுள் ஒன்றையே தெரிந்தெடுக்க வேண்டும். அக்வாவும் ஃபிட்டும் நம் வீதிகளில் நாள்தோறும் ஓடுபவை. அவற்றுள் ஒன்றைத் திரையில் மழைப் பாதையில் விரைந்து திருப்பிச் சறுக்கி விழுந்த பையன், மறுநாள் தகப்பனாரின் பக்கத்தில் அமர்ந்து செல்லும்போது வேகமானியை ஒருமுறை எட்டிப் பார்ப்பான்.