குறிப்பேடு இல்லாத சோதனைச்சாலை

செல்லப்பிராணிக் கடைகளில் கினிப்பன்றியை விற்க ஒரே ஒரு வசனம்தான் இருக்கிறது. "ரொம்ப சிம்பிள் சார். சத்தம் போடாது, கடிக்காது, போட்டதைத் தின்னுக்கும். மெயின்டனன்ஸே கிடையாது." அம்பாசமுத்திரத்தில் ஆரம்பித்து திருநெல்வேலி, மதுரை வரை ஆறு கடைகள் ஏறி இறங்கிவிட்டேன். ஆறிலும் இதே வசனம். இதில் 'கடிக்காது' என்பது மட்டும் ஏறக்குறைய உண்மை. 'சத்தம் போடாது' என்பவர், கீரை வரும் நேரத்தில் அது விசிலடிப்பதைக் கேட்டிருக்க மாட்டார். மற்ற இரண்டும் அந்தப் பிராணியைக் கொல்லக்கூடிய பொய்கள்.

எனக்கு ஊர் மணிமுத்தாறு. அணைக்குக் கீழே அப்பா கட்டிய வீட்டில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். எட்டு வயது மகள் இரண்டு கினிப்பன்றி கேட்டாள். சரி என்று சொன்னது ஜனவரியில். இப்போது ஜூன். கூண்டு இருக்கிறது, புல் இருக்கிறது, தராசு இருக்கிறது, வெப்பமானி இரண்டு இருக்கிறது. பிராணி மட்டும் இல்லை. "ஏல, ஒரு எலி வாங்கதுக்கு டிசைன் டாக்குமெண்டு போடுத ஒரே ஆளு நீதாம்ல" என்று கூடப் படித்தவன் ஒருவன் சிரித்தான். இந்தக் கட்டுரை அவனுக்கான பதில். வாங்குவதற்கு முந்தைய இந்த மாதங்கள்தான் வளர்ப்பில் கடினமான பகுதி. அதைத் தாண்டிக் குதித்து, பிறந்தநாள் கேக்கோடு சேர்த்துப் பிராணியையும் தூக்கிவருகிறவர்கள் செய்வதற்கு வளர்ப்பு என்று பெயரில்லை. பரிசோதனை என்று பெயர்.

அந்தச் சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். கினிப்பன்றி கினியிலிருந்து வந்ததும் இல்லை, பன்றியும் இல்லை. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் பல ஆயிரம் வருடங்களாகக் கறிக்காக வளர்க்கப்பட்டது. பெருவில் இன்றும் சாப்பிடுகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு ஐரோப்பா போனது. பிறகு சோதனைச்சாலைக்குள் போனது. 1780-களில் பாரிஸில் லவாசியேயும் லாப்லாஸும் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் ஒரு கினிப்பன்றியை வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். மூச்சுவிடுவதும் ஒருவகை எரிதல்தான் என்று நமக்குத் தெரிந்தது அப்படித்தான். காசநோய்க் கிருமியை உலகுக்குக் காட்டிய ராபர்ட் கோக்கின் மேசையிலும் அது இருந்தது.

எனக்கு இவற்றில் முக்கியமானது 1907. நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தைப் போட்டு வளர்த்தார்கள். ஈறுகளில் ரத்தம் கசிந்தது, மூட்டுகள் வீங்கின, செத்துப்போயின. கடலோடிகளை நூற்றாண்டுகளாகக் கொன்ற ஸ்கர்வி நோயின் அதே அறிகுறிகள். முட்டைக்கோஸ், எலுமிச்சைச் சாறு என்று புதிய காய்கனிகள் கொடுத்தபோது நோய் விலகியது. பெரும்பாலான பிராணிகளின் உடல் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். மனிதனாலும் கினிப்பன்றியாலும் முடியாது. இந்த ஒற்றுமை இருந்ததால்தான், கால் நூற்றாண்டு கழித்து அந்த வைட்டமினை அடையாளம் காணும் வேலையில் இந்தச் சின்னப் பிராணி அளவுகோலாக இருந்தது.

இப்போது நம் ஊர்க் கடைக்கு வாருங்கள். கூண்டுக்குள் என்ன கிடக்கிறது? உடைத்த சோளம், கோதுமை, கொஞ்சம் முயல் தீவனம். "இதையே போடுங்க சார், போதும்." 1907-ல் நோயை உண்டாக்குவதற்காகப் போட்ட உணவை நாம் பாக்கெட் போட்டு வளர்ப்பதற்காக விற்கிறோம்! நார்வேக்காரர்கள் குறைந்தபட்சம் குறித்துக்கொண்டார்கள். எந்த நாள் என்ன தின்றது, எப்போது எடை குறைந்தது, எப்போது செத்தது என்று எழுதிவைத்தார்கள். இன்றைக்கு இந்தியாவில் ஒரு ஆய்வகம் கினிப்பன்றியைத் தொடவேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், பதிவேடு வேண்டும். வீட்டில் நடக்கும் சோதனைக்கு அனுமதியும் இல்லை, குறிப்பேடும் இல்லை. "என்னன்னே தெரியல, காலையில பாத்தா செத்துக் கிடந்துச்சு" என்பதுதான் ஆய்வறிக்கை. அடுத்த வாரம் இன்னொன்று வாங்கிவருவார்கள்.

வெயிலைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் இதைப் பேச முடியாது. ஆண்டீஸ் குளிருக்குப் பழகிய உடம்பு அது. 18-லிருந்து 24 டிகிரி வரை சுகம். 28-ஐத் தாண்டினால் ஆபத்து. அதற்கு வியர்க்காது, நாய் மாதிரி இரைத்துச் சூட்டைத் தள்ளவும் தெரியாது. பாளையங்கோட்டையில் வெயில் சதமடித்தது என்று பேப்பரில் செய்தி வராத கோடை உண்டா? மணிமுத்தாறு மலையடிவாரம்தானே, குளுகுளுவென்று இருக்குமே என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். குளிர்வது மேலே மாஞ்சோலை. கீழே நாங்கள் மலையைப் பார்த்துக்கொண்டே வேகிறோம்.

மார்ச்சிலிருந்து மே வரை வீட்டின் மூன்று அறைகளில் மதியம் மூன்று மணிச் சூட்டைக் குறித்துவைத்தேன். மாடி அறை 37 வரை போனது. மகள் கூண்டை வைக்க ஆசைப்பட்ட முன்வராந்தா 35. வடக்குப் பார்த்த கீழ் அறை 32. வீட்டிலேயே குளிர்ச்சி அதுதான், அதுவும் போதாது. கடைசியில் மிஞ்சியது நான் வேலை செய்கிற அறை. அங்கே ஏற்கனவே ஏசி ஓடுகிறது. கூண்டு என் மேசைக்குப் பக்கத்தில் என்று முடிவானது.

பிரச்சினை அதோடு தீரவில்லை. மாதாந்திரப் பராமரிப்புப் பணி என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை எடுத்தால் வருவதற்கு மத்தியானம் ஆகிவிடும். (மெயின்டனன்ஸே கிடையாது என்றவர் இந்த மெயின்டனன்ஸை மறந்துவிட்டார்.) இன்வெர்ட்டர் மின்விசிறியைச் சுற்றும், ஏசியை ஓட்டாது. மே மாதத்தில் அப்படி ஒரு நாள், ஆளில்லாத கூண்டை வைத்தே ஒத்திகை பார்த்தேன். 25-ல் இருந்த அறை நான்கு மணி நேரத்தில் 31-க்கு ஏறியது. கூண்டுக்குள் கடப்பாக்கல் பலகை ஒன்றைப் போட்டு, ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைத் துணி சுற்றி அதன் மேல் வைத்தபோது, அந்த மூலை மட்டும் 27-ல் நின்றது. பாட்டில் எத்தனை வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. கோழிமுட்டை உறைந்துவிடப்போகிறது என்று அம்மா தினமும் திட்டுகிறாள்.

இந்த இடத்தில் எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் கேட்ட கேள்வியைச் சொல்லிவிட வேண்டும். "மாஞ்சோலையிலேர்ந்து எறங்குன சனம் எங்க போகன்னு தெரியாம நிக்கி. நீ எலிக்கு ஏசி போடுதியோல?" 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காட்டில் பம்பாய் பர்மா நிறுவனம் நடத்திய தேயிலைத் தோட்டம், குத்தகை முடிய நான்கு வருடம் இருக்கும்போதே 2024-ல் நின்றது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் பெட்டிபடுக்கையோடு எங்கள் ஊர் வழியாகத்தான் இறங்கினார்கள். அதைப் பார்த்த ஊரில் அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் கிடையாது. ஆனால் அந்த நியாயத்திலிருந்து 'வாங்காதே' என்ற முடிவுக்குப் போகலாமே தவிர, 'வாங்கி வராந்தா வெயிலில் போடு' என்ற முடிவுக்குப் போக முடியாது. நம் ஆட்கள் பெரும்பாலும் இரண்டாவதுக்குத்தான் போகிறார்கள். எலிதானே என்பார்கள். சமவெளிக் கோடையில் குளிர்ந்த அறை ஒன்று இல்லாத வீட்டில் கினிப்பன்றி வளர்க்கக் கூடாது என்றுதான் நான் சொல்கிறேன். இது வசதியுள்ளவன் பேச்சு என்றால், ஆமாம், வசதியுள்ளவன் பேச்சுதான். அதற்காக ஆண்டீஸ் பிராணி நாற்பது டிகிரியைத் தாங்கிக்கொள்ளப்போவதில்லை.

அடுத்தது புல். அதன் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்வதற்கு நாள் முழுக்க நார்ப்புல் மெல்ல வேண்டும். ஆன்லைனில் திமோத்தி ஹே என்று அமெரிக்கப் புல் விற்கிறார்கள், முந்திரிப்பருப்பு விலையில். சரி, பிசான அறுப்பு முடிந்து ஊரெல்லாம் வைக்கோல் போர் நிற்கிறதே என்றால், வைக்கோலில் சத்தில்லை. மாட்டுக்கே அதோடு புண்ணாக்கும் தவிடும் வைக்கிறோம். வயல் வரப்புப் புல்லா? களைக்கொல்லி அடிக்காத வரப்பைக் காட்டுங்கள், அறுத்துக்கொள்கிறேன். குதிரை மசால் சுண்ணாம்புச் சத்து அதிகம். குட்டிக்கும் சினைக்கும் நல்லது, வளர்ந்தவற்றுக்குத் தினமும் போட்டால் மூத்திரப்பையில் கல் வரும். கடைசியில் கைகொடுத்தது நம் அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும். மருந்தே அடிக்காத தோப்பு வைத்திருக்கும் ஆடு வளர்ப்பவர் ஒருவர் வாரம் இரண்டு கட்டு அறுத்து, நிழலில் உலர்த்தித் தருவதாக ஒப்புக்கொண்டார். அவர் ஒருவர்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "தீவனத்தப் பாத்துட்டுத்தான தம்பி உருப்படி புடிக்கணும்" என்றார், இதிலென்ன ஆச்சரியம் என்கிற தொனியில். வைட்டமின் சி-க்குக் குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, எப்போதாவது ஒரு துண்டு கொய்யா. இது சுலபம்.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தைக்கு வாங்கி மீந்த ஆன்டிபயாடிக் சிரப்பை ஆட்டுக்குட்டிக்கும் நாய்க்கும் ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. பெனிசிலின் வகை மருந்து கினிப்பன்றியின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து அதையே கொன்றுவிடும். 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரியின் குழு பெனிசிலினை முதலில் போட்டுப் பார்த்தது சுண்டெலிகளுக்கு. கினிப்பன்றிக்குப் போட்டிருந்தால், இது விஷம் என்று மூடிவைத்திருப்பார்களோ என்னவோ. பக்கத்து மருந்தகங்கள் ஆடுமாடுகளுக்கானவை. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எனக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். போகும் வழியில் ஏசி வண்டி வேண்டும். இதையெல்லாம் பிராணி சுருண்டு படுத்த பிறகு கூகுளில் தேட முடியாது.

எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் 'ஜோடி' என்ற சொல்லின் மேல்தான். கினிப்பன்றி கூட்டமாக வாழ்கிற பிராணி, தனியே விட்டால் வாடிப்போகும். சுவிட்சர்லாந்தில் 2008-லேயே ஒற்றையாக வளர்ப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். ஆகவே இரண்டு வேண்டும். நம் ஊரில் இரண்டு என்றால் ஜோடி. ஜோடி என்றால் ஆணும் பெண்ணும். கிளி வாங்கினாலும் புறா வாங்கினாலும் கல்யாணம் பண்ணிவைத்தால்தான் கடைக்காரருக்கும் நமக்கும் மனசு ஆறும். இரண்டும் பெண்ணாகக் கொடுங்கள் என்று கேட்டால், "ஜோடியப் பிரிச்சா பாவம் சார்" என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சினைக்காலம் 59-லிருந்து 72 நாள். குட்டி போட்ட சில மணி நேரத்தில் தாய் மறுபடி சினைபிடிக்கும். ஈற்றுக்கு மூன்று என்றால்கூட வருடத்தில் பதினைந்து, அந்தக் குட்டிகள் தங்களுக்குள் போடுவதைச் சேர்க்காமல். மூன்று வாரத்திலேயே ஆண் குட்டிகளைப் பிரிக்க வேண்டும். வயது கடந்து முதல் சினை பிடித்தால், அதற்குள் இடுப்பெலும்பு இறுகியிருக்கும். குட்டியும் போகும், தாயும் போகும். பாளையங்கோட்டையில் ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். போன வருடம் மகனுக்கு 'ஜோடி' வாங்கியவர்கள். இப்போது செருப்பு அலமாரியைக் கழுவி அதில் பதினொன்றை வைத்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். எது ஆண், எது பெண் என்று பார்ப்பது எப்படி என்றுகூட யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இத்தனைக்கும் 2018-ல் மத்திய அரசு கொண்டுவந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் நாய், பூனை, முயலோடு கினிப்பன்றியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. பதிவுச் சான்று இருக்கிறதா என்று நான் கேட்ட இரண்டு கடைகளில் சிரித்தார்கள். ஒன்றில், "நீங்க என்ன ஆபீஸரா?" என்றார்கள்.

பெருகினால் என்ன செய்வது? அந்த வீட்டுக்காரர் என் ஊர்ப் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து சொன்னார்: "ஒங்க ஊருல காடு இருக்குல்லா, அங்க விட்டுரலாமா?" அவர் அதை விடுதலை என்று நினைத்துத்தான் சொன்னார். எங்கள் ஊர்ச் சோதனைச்சாவடிக்கு அப்பால் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-லிருந்து. அங்கே விடப்படும் கினிப்பன்றிக்கு வளை தோண்டத் தெரியாது, மரம் ஏறத் தெரியாது. காட்டு வாழ்க்கையை அதன் வம்சம் மறந்து ஆயிரக்கணக்கான வருடம் ஆகிவிட்டது. முதல் ராத்திரியைத் தாண்டாது. சாரையோ கீரியோ முடித்துவிடும். பிழைத்துக்கொள்கிற பிராணியாக இருந்தால் கதை இன்னும் மோசம். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை இல்லாத குளத்தை இன்று தமிழ்நாட்டில் தேட வேண்டியிருக்கிறது. மீன்தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய மீனைச் சலித்துப்போய் ஏரியில் விட்டவர்களும் அதற்கு விடுதலை கொடுத்ததாகத்தான் நினைத்திருப்பார்கள்.

"கொழந்தைக்குப் பொறுப்பு வரும்ல" என்பது கடைசி வாதம். பொறுப்பு வருவதற்குப் பிராணி ஒரு பாடக்கருவி என்றால், அதுவும் சோதனைச்சாலை நியாயம்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வாரத்தில் சலித்துப்போகலாம், சலித்துப்போக அதற்கு உரிமையும் உண்டு. கினிப்பன்றி ஐந்திலிருந்து எட்டு வருடம் வாழும். தினமும் மூத்திரம் நனைந்த துணியை மாற்றப்போவதும், வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதப்போவதும், பொங்கலுக்கு மாமனார் ஊருக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வது என்று மண்டையை உடைத்துக்கொள்ளப்போவதும் நானும் மனைவியும்தான். மகள் கீரை கொடுக்கட்டும். அது போதும்.

ஜூலை கடைசியில், வெயில் தணிந்த பிறகு, பாளையங்கோட்டை வீட்டிலிருந்து அக்கா தங்கை இரண்டைக் கொண்டுவருகிறோம். கூண்டு மேசைக்குப் பக்கத்தில் தயார். ஆணையும் பெண்ணையும் அவர்கள் இப்போது தனித்தனிப் பெட்டியில் பிரித்துவைத்துவிட்டார்கள். எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். மீதி ஒன்பதில் ஐந்து ஆண். அந்த ஒன்பதுக்கும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.