அள்ளியது மேலே மிதந்ததை மட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி எண்ணெய் ஆலை வளாகத்திலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியது. எண்ணெயை அள்ளியாயிற்று, நிவாரணமும் அறிவித்தாயிற்று, இனி அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்ற தொனி ஒரு மாதத்திலேயே அதிகாரிகளின் பேச்சில் வந்துவிட்டது. அதை எதிர்த்தே இந்தக் கடிதம்.

எங்கள் குழாய் எதிலும் கசிவு இல்லை என்பதுதான் ஆலையை நடத்தும் சென்னை பெட்ரோலியம் நிறுவனம் முதலில் சொன்ன பதில். ஆலை வளாகத்தில் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்து சொன்னது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு கெடு விதித்த பிறகே வேலை சூடுபிடித்தது. அதற்குள் எண்ணெய்ப் படலம் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருந்ததைக் கடலோரக் காவல்படை வானிலிருந்து பார்த்தது. பெருவெள்ளம் வந்தால் யார் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்கிறார்கள். டிசம்பரில் சென்னையில் மழை கொட்டுவது யாருக்கும் புதிதல்ல. 2015 வெள்ளத்தை யாரும் மறந்திருக்கவும் முடியாது. கால்வாய்க் கரையில் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை, மழைநீரும் எண்ணெயும் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பெருமழை நாளில்தானே?

அடுத்தது, அள்ளிய விதம். ஆற்றில் இறங்கியவர்கள் மீனவர்கள். தங்கள் படகிலேயே போய், மக்காலும் வாளியாலும் மொண்டு பீப்பாய்களில் ஊற்றினார்கள். ஆரம்ப நாட்களில் பலருக்குக் கையுறைகூட இல்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோதும் இதே வாளிதான். நடுவில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். இவ்வளவு தொழிற்சாலைகளும் இரண்டு துறைமுகங்களும் உள்ள இந்தக் கரையில், எண்ணெய் இறங்கிய அன்றே கால்வாய் வாயை மறிக்க மிதவைத் தடுப்புகளை ஏன் தயாராக வைத்திருக்கவில்லை? தடுப்பும் எண்ணெய் உறிஞ்சும் இயந்திரமும் வந்து சேர்வதற்குள் எண்ணெய் முகத்துவாரத்தைத் தாண்டிவிட்டது.

எண்ணெய் முழுவதும் மிதந்துகொண்டே இருப்பதில்லை. ஒரு பகுதி மண்ணோடும் சகதியோடும் சேர்ந்து அடியில் படிகிறது. அலையாத்தி வேர்களில் அப்பிக்கொள்கிறது. நீர் ஏறி இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி வருகிறது. கூழைக்கடாக்களின் இறகில் ஒட்டிய கறையைப் படம் பிடிக்கலாம். சேற்றுக்குள் இருப்பது படத்தில் வராது. ஆனால் இறாலும் நண்டும் வாழ்வது அந்தச் சேற்றில்தான். படகு வலை எதுவும் இல்லாமல், ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் நாளெல்லாம் நிற்பதும் அதில்தான்.

2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் என்பிரிட்ஜ் நிறுவனத்தின் குழாய் உடைந்து கலமசூ ஆற்றில் எண்ணெய் கலந்தது. எச்சரிக்கை மணி அடித்தும் குழாயை முழுதாக மூட 17 மணி நேரம் ஆனது. கனமான எண்ணெய் அடியில் படிந்துவிட்டதால், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்தும் ஆற்றுப்படுகையைத் தூர்வாரச் சொல்லி அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை உத்தரவிட்டது. தூர்வாரி முடிக்க 2014 ஆயிற்று. அங்கே ஆண்டுக்கணக்கில் பிடித்த வேலை இங்கே எப்படிச் சில வாரங்களில் முடியும்?

நிவாரணத்துக்கு வருகிறேன். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், ஆக மொத்தம் 8.68 கோடி என்று அரசு அறிவித்தது. உடனடி உதவி என்ற அளவில் சரி. எண்ணூர் மீன் என்றாலே எண்ணெய் வாடை அடிக்கும் என்று வாங்குபவர்கள் ஒதுங்கும் காலம் எத்தனை மாதம் நீளுமோ, அதற்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தம் இல்லை. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்பது தீர்ப்பாயச் சட்டத்திலேயே உள்ள கொள்கை. அந்த ஈடு, மீன்பாடு குறைந்த நாட்களைக் கணக்கிட்டு வர வேண்டும்.

ஆகவே அரசிடமும் வாரியத்திடமும் கேட்பது இவை. முகத்துவாரம், காட்டுக்குப்பம், சடையங்குப்பம் பகுதிகளில் சேற்றையும் மீனையும் மாதந்தோறும் பரிசோதித்து, முடிவை அந்தந்தக் குப்பத்தில் தமிழில் ஒட்டுங்கள். எண்ணெய் அள்ளியவர்களுக்குத் தொடர் மருத்துவப் பரிசோதனை செய்யுங்கள். செலவை ஆலை ஏற்கட்டும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் மணலி ஆலைகளின் மழைநீர் வடிகால்களை ஆய்வு செய்து அறிக்கையை வெளியிடுங்கள். தடுப்பு மிதவைகளையும் உறிஞ்சு இயந்திரங்களையும் கால்வாய்க் கரையிலேயே நிறுத்திவையுங்கள்.

எண்ணெய் பரவிய அதே டிசம்பரில், 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். ஒரே மாதத்தில் இரண்டு விபத்துகளைச் சந்தித்த ஊருக்கு, ஆறு சுத்தமாகிவிட்டது என்ற வாய்வார்த்தை போதாது. சேற்றுப் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் எந்த அதிகாரியும் சுத்தப்படுத்தும் பணி முடிந்ததாகக் கையெழுத்திடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கத்திவாக்கம்.