ரோட்டின் மேல் ரோடு

"திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது, பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் கூட்டம். பழைய ரோட்டின் மேலேயே ஜல்லியும் தாரும் போட்டால்தான் வேலை சீக்கிரம் முடியும், ரோடும் கெட்டியாகும். அதற்குக் குவாரி வேண்டும்." இதுதான் குவாரி கேட்பவர்களின் வாதம்.

1. கெட்டியா? அடியில் உள்ள விரிசலைச் சரிசெய்யாமல் மூடினால், அது புதுத் தாரையும் பிளந்துகொண்டு மேலே வரும். தார் ரோட்டைத் தின்பது லாரி மட்டுமல்ல, தேங்கும் தண்ணீரும்தான். வடிகாலைப் பற்றி ஏன் பேச்சே இல்லை?

2. ஒவ்வொரு முறையும் ரோடு உயர்கிறது, வீடு உயர்வதில்லை. மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போகிறார்கள். மலையடிவார ஊரில் மழைத்தண்ணீர் எங்கே போகும்? மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்று 2021 மே மாதமே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். உத்தரவு கோப்பில் பத்திரமாக இருக்கும்!

3. சுரண்டிய தார்க்கலவையைப் புதுக் கலவையோடு சேர்த்து மறுபடி போடலாம். அந்த அளவுக்குப் புது ஜல்லி மிச்சம். பிறகு எதற்கு அத்தனை குவாரி?

4. சீக்கிரமாம். அடுத்த மழையில் பெயர்வதை மறுபடி போடும் நாட்களை யார் கணக்கில் சேர்ப்பது?